பறிபோன பொருளும் பைசலான வழக்கும்

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு முற்பகல் நின்று, செவியில் விழும் சொற்களை எண்ணிப் பார்ப்போம். பிராது கொடுத்தார், வக்கீல் வந்தார், கைதி ஆஜரானான், ஜாமீன் கிடைத்தது, வாய்தா விழுந்தது, மகஜரில் கையொப்பமிட்டவர் வரவில்லை, இரு தரப்பும் ராஜியாகிவிட்டார்கள், வழக்கு பைசலாயிற்று. இத்தனை சொற்களும் அரபு, பாரசீக மொழிகளிலிருந்து வந்து தமிழோடு தமிழாய்க் கலந்தவை. வாக்குறுதியைக் குறித்த ‘வஅதா’ இங்கே குறித்த நாளைக் காட்டும் வாய்தாவாயிற்று. ‘ஹாளிர்’ ஆஜர் ஆயிற்று. இன்னது இன்னதென்று பிரித்துத் தீர்ப்பதைக் குறிக்கும் ‘ஃபைஸல்’ பைசல் ஆயிற்று.

சாத்தூர் நீதிமன்ற வாயிலில் காத்து நிற்கும் கரிசல்காட்டு உழவரும், தீப்பெட்டித் தொழிலாளியும், நம் சமூகத்து வணிகரும் இச்சொற்களை வேறுபாடின்றி வழங்குகின்றனர். சொல் தங்கிவிட்டது, அதைக் கொண்டுவந்த வரலாறு மறந்துவிட்டது. அவ்வரலாற்றை, வழிப்பறி என்னும் ஒரே வகைக் குற்றத்தை முன்னிறுத்தி, சாத்தூர் வட்டாரத்தை நடுவாகக் கொண்டு இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வது நலம். பொருளைப் பறிகொடுத்தவர் கேட்கும் கேள்வி, ‘என் பொருள் எங்கே?’ என்பது. நீதிமன்றம் கேட்கும் கேள்வி, ‘குற்றவாளி யார்?’ என்பது. இவை இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. முதற் கேள்விக்கு விடை தந்த காலங்கள் உண்டு. இரண்டாம் கேள்விக்கு மட்டும் விடை தேடிய காலங்களும் உண்டு. இரண்டுக்கும் ஒருங்கே விடை கண்ட காலம் அரிது. வழிப்பறி வழக்கின் வரலாறு முழுவதும் இந்த இரு கேள்விகளுக்கிடையே நடந்த இழுபறியே எனலாம்.

சாத்தும் ஆறலை கள்வரும்

‘சாத்து’ என்பது வண்டியும் பொதிமாடுமாகத் திரண்டு செல்லும் வணிகக் கூட்டத்திற்குப் பழந்தமிழ் இட்ட பெயர். அச்சொல்லை நினைவூட்டும் பெயரையுடைய சாத்தூர், மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் பெருவழியில் வைப்பாற்றங்கரையில் அமைந்திருப்பது பொருத்தமே. கரிசல் நிலத்துப் பருத்தி இவ்வழியே தென்கடற்கரைக்குச் சென்றது. 1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் சாத்தூர் ஒரு நிலையமாயிற்று. திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சாத்தூர் வட்டம் 1910இல் புதிதாக அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985இல் அம்மாவட்டம் பிரிந்தபோது, இன்று விருதுநகர் மாவட்டம் எனப்படும் பகுதிக்குள் வந்தது.

சாத்து செல்லும் வழியில் கள்வன் இருப்பான் என்பது சங்கப் புலவர் காலம் முதலே தமிழர் அறிந்த செய்தி. பாலைத் திணையைப் பாடியவர்கள் ‘ஆறலை கள்வர்’ என்று அவர்களைக் குறித்தனர். ஆறு என்பது வழி. வழியில் செல்வோரை அலைத்துப் பறிப்பவர் ஆறலை கள்வர். வழிப்பறி என்னும் இன்றைய சட்டச் சொல்லுக்கு இதைவிடச் செறிவான முன்னோடி வேறு இல்லை.

காவலும் துப்புக்கூலியும்

நாயக்கர் ஆட்சிக் காலத்திலும் அதன் பின்னும் தென்பாண்டி நாடு பாளையங்களாகப் பிரிந்திருந்தது. சாத்தூரை அடுத்த ஏழாயிரம்பண்ணை அத்தகைய பாளையங்களுள் ஒன்று. அந்நாளில் போலீசும் இல்லை, மாஜிஸ்திரேட்டும் இல்லை. காவல் இருந்தது. ஓர் ஊரைக் காப்பது தலங்காவல். பல ஊர்களும் அவற்றை இணைக்கும் வழிகளும் சேர்ந்த பரப்பைக் காப்பது திசைக்காவல். இதற்கென ஊரார் தானியமாகவும் பணமாகவும் காவற்கூலி கொடுத்தனர்.

இம்முறையில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. காவல் எல்லைக்குள் களவு நடந்தால் காவற்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும். மீட்க இயலாவிடில் ஈடு தர வேண்டும். திருடனைத் தண்டிப்பது அடுத்த பேச்சு. ஆடுமாடு களவு போனால் அடிச்சுவடு பிடித்துச் செல்வார்கள். சுவடு எந்த ஊர் எல்லையில் மறைகிறதோ அவ்வூர்க் காவற்காரர் பொறுப்பேற்பார். பொருள் இருக்கும் இடத்தை அறிந்தவன் ஒருவன் வழியாகப் பேச்சு நடக்கும். அவனுக்குத் தரும் தொகை துப்புக்கூலி. கூலியைக் கொடுத்ததும் மாடு ஒருநாள் காலையில் தானாகவே தொழுவருகில் நிற்கும். கொண்டுவந்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை.

பொருள் எங்கே என்ற கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது. குற்றவாளி யார் என்ற கேள்வி எழவே இல்லை. இதன் தீமை வெளிப்படை. காவற்கூலி கொடுக்காத ஊரில் களவு மிகும்; கொடுத்த ஊரில் குறையும். காப்பவனும் கவர்பவனும் சில இடங்களில் ஒரே குடும்பத்தவராய் இருந்தனர். ஏழைக்கு மாட்டின் மேலுள்ள உரிமை, துப்புக்கூலி கொடுக்கும் வலிமையைப் பொறுத்ததாயிற்று. ஆயினும், இழந்தவரின் இழப்பை மையமாக வைத்த ஏற்பாடு அது என்பதை மறுத்தற்கில்லை.

ஆற்காட்டு நவாபின் பெயரால் இப்பகுதியை நிர்வகித்த யூசுப் கான் காலத்தில் நிலை சற்று மாறியது. மருதநாயகம் என்று மக்கள் அறிந்த அவர், பாளையக்காரர்களை ஒடுக்கி மதுரை, நெல்லைச் சீமைகளை ஓர் ஆட்சியின்கீழ்க் கொணர முயன்றார். 1764 அக்டோபரில் மதுரையில் அவரைத் தூக்கிலிட்டவர்களின் படையைச் சேர்ந்த கர்னல் புல்லர்ட்டனே, பின்னாளில் அவருடைய ஆட்சித் திறத்தையும் நீதியையும் புகழ்ந்து எழுதினார்.

காழியின் ஃபத்வா

1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் பாளையக்காரர் போர் முடிவுற்றதும் நாம் அறிந்தவை. அதே 1801இல் நவாபிடமிருந்து கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கும்பெனியார் கைக்குச் சென்றது. பாளையக்காரர்களின் காவல் உரிமை பறிக்கப்பட்டது. 1802இல் சென்னை அரசு வங்காளத்து விதிகளை வார்ப்பாகக் கொண்டு நீதிமன்ற விதிகளை இயற்றியது.

இங்கே நம்மில் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. வெள்ளையர் நீதிபதியாய் அமர்ந்த அந்தக் குற்றவியல் நீதிமன்றங்களில் வழங்கிய சட்டம் ஆங்கிலச் சட்டம் அன்று. இஸ்லாமியக் குற்றவியல் சட்டம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி மாகாணத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் எல்லாரும் இதன்படியே விசாரிக்கப்பட்டனர். ஒவ்வொரு நீதிமன்றத்திலும் முஸ்லிம் சட்ட அதிகாரி ஒருவர் இருந்தார். சாட்சிகளைக் கேட்டு முடித்தபின், வழக்குக் குறிப்பின் அடியில் அவர் தம் ஃபத்வாவை எழுதி முத்திரையிடுவார். நீதிபதி அதற்கு இணங்கினால் தீர்ப்பு. இணங்காவிடினும், தண்டனை மிகக் கனத்ததாயினும் வழக்கு சென்னையிலிருந்த ஃபௌஜ்தாரி அதாலத்துக்கு மேலனுப்பப்படும். ஃபத்வா எழுதியவர்கள் பின்பற்றியது ஹனஃபி மத்ஹபின் நூல்களையே. பிராதும் ஆஜரும் பைசலும் நம் ஊர்த் தாழ்வாரங்களில் ஆழ வேரூன்றியது இந்நீதிமன்றங்களின் வழியேதான்.

களவு குறித்து அச்சட்டம் இரு வகை கண்டது. மறைவாக எடுப்பது ஒன்று. வழியில் மறித்து வன்முறையால் பறிப்பது மற்றொன்று. முன்னது ஸரிகா; பின்னது ஹிராபா. இன்று திருட்டு வேறு, வழிப்பறி வேறு என்று பிரிக்கும் சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. தண்டனை கடுமை, அதனினும் கடுமை அதை விதிப்பதற்கான நிபந்தனைகள். பொருள் குறித்த மதிப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். திருட்டாயின், காப்புள்ள இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நேரில் கண்ட சாட்சிகள் இருவராவது வேண்டும், இன்றேல் குற்றவாளியே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டவன் தன் சொல்லை மீட்டுக்கொண்டால் அத்தண்டனை விழாது. ஐயத்திற்கு இடமிருந்தால் பெருந்தண்டனையை விலக்குக என்பது ஃபிக்ஹ் அறிஞர்கள் வகுத்த அடிப்படை. அப்போது நீதிபதி தம் அறிவுக்கேற்ற சிறு தண்டனையை, அதாவது தஃஸீரை, விதிக்கலாம்.

நம் பொருளுக்கு நெருங்கிய இரு செய்திகளை இங்கே குறிப்பது தகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஸஃப்வான் என்பவருடைய மேலாடை திருடப்பட்டது. திருடனைப் பிடித்து நபிகளாரிடம் கொணர்ந்த அவரே, தண்டனை அறிவிக்கப்பட்டதும் மனமிரங்கி, ஆடையை அவனுக்கே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். என்னிடம் கொண்டுவருமுன் அதைச் செய்திருக்கலாகாதா என்ற கருத்தில் நபிகளார் மறுமொழி கூறியதாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. நீதிமன்றப் படியேறுமுன் மன்னிப்பு இழந்தவரின் உரிமை; ஏறிய பின் வழக்கு அவருடையது மட்டுமன்று என்பது இதன் சாரம். மற்றொன்று, பிடிபடுமுன் திருந்திய வழிப்பறிக்காரனைப் பற்றியது. அவன் மீது விழவிருந்த பெருந்தண்டனை நீங்கும்; ஆனால் மனிதர்களுக்கு அவன் திருப்பித் தர வேண்டியது நீங்காது என்று சட்ட அறிஞர்கள் விளக்கினர். இறைவனுக்குரிய உரிமை வேறு, அடியார்களுக்குரிய உரிமை வேறு என்ற இப்பாகுபாட்டில், முன்னர் நாம் கூறிய இரு கேள்விகளும் தனித்தனியே இடம் பெற்றுவிட்டன.

கும்பெனியார் இச்சட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. உறுப்பைத் துணிக்கும் தண்டனையை 1791இலேயே வங்காளத்தில் நீண்ட சிறைத் தண்டனையாக மாற்றினர். விதிமேல் விதியாகத் திருத்தி, இறுதியில் இந்தியத் தண்டனைச் சட்டத்தை 1860இல் இயற்றினர். 1862 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றமும் எழுந்தது. 1864ஆம் ஆண்டின் 11ஆவது சட்டம், நீதிமன்றங்களில் இருந்த இந்து, முஸ்லிம் சட்ட அதிகாரிகளின் பதவியை நீக்கியது. காழி நியமனமும் அத்துடன் அரசின் கையைவிட்டுப் போயிற்று; திருமணப் பதிவு முதலிய தேவைகளுக்காக மக்கள் வேண்டியதன் பேரில் 1880இல் காழிகள் சட்டம் பிறந்தது. ஃபத்வா எழுதிய கை போயிற்று. பைசல் என்ற சொல் மட்டும் எஞ்சியது.

கிட்டியும் சட்டமும்

காவற்காரர் இடத்தில் வந்த கும்பெனிச் சேவகர்கள் களவை எவ்வாறு துப்புத் துலக்கினர்? 1855இல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை இதற்கு விடை தருகிறது. வரி வாங்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் சேவகர்கள் வதைத்ததை அது வெளிப்படுத்தியது. விரல்களை இடையிட்டு நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் அவ்வறிக்கையில் தமிழ்ப் பெயருடனேயே இடம் பெற்றன. நம் மொழி உலகுக்குத் தந்த சொற்களுள் இவையும் இருக்க நேர்ந்தது வேதனையே.

அதன் பயனாக 1859இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. வரித்துறையிலிருந்து போலீஸ் தனியே பிரிந்தது. 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், அதனை அடுத்து 1872இன் சாட்சியச் சட்டமும், போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று விதித்தன. வதைத்துப் பெற்ற சொல் சொல்லன்று என்பதே இதன் பொருள்.

ஆனால் ஒரு விலக்கும் சேர்த்தே வைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்புக்குக் காரணமான பகுதி மட்டும் சாட்சியமாகும். 1872இல் 27ஆம் பிரிவாய் இருந்த இது, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவுக்குள் இடம் பெற்றிருக்கிறது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற புலுக்கூரி கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் இதன் எல்லையை வரையறுத்தது. ‘இன்ன இடத்தில் புதைத்திருக்கிறேன்’ என்பது ஏற்கப்படும். ‘நான்தான் பறித்தேன்’ என்பது ஏற்கப்படாது. இன்றுவரை எந்த வழிப்பறி வழக்கிலும் அச்சாணியாய் நிற்பது இந்தச் சிறு விதியே.

1899: ஒரு பெருங்கொள்ளையின் கணக்கு

புதிய சட்டமும் புதிய போலீசும் இவ்வட்டாரத்தில் சந்தித்த பெருஞ்சோதனை, ‘சிவகாசிக் கொள்ளை’ என்று மக்கள் இன்றும் நினைவுகூரும் நிகழ்ச்சி. அன்று சிவகாசி சாத்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. கோயில் நுழைவு உரிமை பற்றி இரு சமூகத்தாரிடையே மூண்ட பகை, 1899 ஜூன் 6ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் திரண்டு சிவகாசியைத் தாக்கிக் கொள்ளையிடுவதில் முடிந்தது. திருநெல்வேலி, மதுரை மாவட்டங்களில் பல ஊர்களுக்குக் கலகம் பரவி ஜூலை நடுவில்தான் அடங்கியது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின.

பின்னர் நீதிமன்றங்களில் நடந்ததை எண்கள் காட்டும். கைதானவர் 1,958 பேர். தண்டிக்கப்பட்டவர் 552 பேர். மரண தண்டனை பெற்றவர் 7 பேர். கைதான நூறு பேரில் ஏறத்தாழ 28 பேர் மட்டுமே குற்றவாளிகளாயினர். எஞ்சியோரில் குற்றமற்றவரும் இருந்திருப்பர். சாட்சியின்மையால் தப்பியவரும் இருந்திருப்பர். கூட்டமாக நிகழ்ந்த குற்றத்தில், இன்னார் இன்னது செய்தார் என்று தனித்தனியே நிறுவுதல் எளிதன்று. பொருள் இழந்த குடும்பங்களோ, வழக்குகள் பைசலாகும்வரை காத்திராமல், சாம்பலிலிருந்து தாமே மீண்டும் எழ வேண்டியிருந்தது. எழுந்தார்கள் என்பதற்குப் பின்னாளில் தீப்பெட்டியாலும் பட்டாசாலும் அச்சுத் தொழிலாலும் வளர்ந்த சிவகாசி நகரமே சான்று.

பிறப்பே குற்றமாகக் கருதப்பட்ட நாள்

வழக்கில் நிறுவ இயலாததை வேறு வழியில் அடக்க எண்ணியது ஆங்கில அரசு. வடநாட்டுக்கென 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இன் புதிய சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கைரேகைச் சட்டம் என்று மக்கள் இதனை அழைத்தனர். ஒரு சாதியில் பிறந்த ஆண்மகன், எந்தக் களவும் செய்யாதிருந்தும், ரேகை பதிந்து, குறித்த வேளையில் போலீசார் முன் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். இதை எதிர்த்து நின்ற மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண்மணி உட்பட 16 பேர் மாண்டனர்.

குற்றவாளி யார் என்ற கேள்விக்கு, விசாரணையே இன்றி விடை எழுதிவைத்த சட்டம் இது. ஐயம் எழுந்தால் தண்டனையை விலக்குக என்ற பழைய நீதிக்கு நேர் எதிராய், ஐயமே தண்டனையாயிற்று. நெடிய போராட்டத்தின்பின் 1947இல் சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது. 1952இல் நாடு முழுவதும் நீங்கியது. ஆயினும் ‘பழைய குற்றவாளி’ என்ற பட்டியல் நீங்கவில்லை. 1948இலேயே சென்னையில் வழக்கமான குற்றவாளிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஒருவர் எங்கே பிறந்தார் என்பதைவிட எத்தனை முறை தண்டனை பெற்றார் என்பதைக் கருதுவது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தண்டனை எவ்வாறு வந்தது என்பதையும் நாம் கேட்க வேண்டும். அதற்கு இன்றைய நடைமுறையைக் காண்போம்.

இன்று வழக்கு தீரும் வழிகள்

எடுத்துக்காட்டாக ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். மாலை மங்கும் வேளையில், நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஊர்ப்பாதையில், உறவினர் வீட்டு நிக்காஹ் முடிந்து திரும்பும் மூதாட்டியை இருவர் மறித்து மிரட்டி ஐந்து பவுன் சங்கிலியைப் பறித்துச் செல்கின்றனர். பாரதிய நியாயச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி இது வழிப்பறி; தண்டனை 10 ஆண்டுவரை; நெடுஞ்சாலையில் இரவில் நிகழ்ந்ததாயின் 14 ஆண்டுவரை நீளலாம். ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ கூடிச் செய்தால் அது கூட்டுக் கொள்ளை, அமர்வு நீதிமன்றத்திற்குரியது. அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்ட நீதிமன்ற அமைப்பை நாட வேண்டும். மிரட்டலின்றி வெடுக்கெனப் பறித்தால் 304ஆம் பிரிவின் பறிப்புக் குற்றம். தண்டனை 3 ஆண்டுவரை.

முதல் தகவல் அறிக்கை பதிவானபின் வழக்கு பல வழிகளில் முடியக்கூடும்.

முதலாவது, ஆள் அகப்படாமலே முடிவது. தேடியும் துப்புக் கிட்டவில்லை என்று போலீசார் இறுதி அறிக்கை தருவர். அதைப் பிராது கொடுத்தவருக்கு அறிவிக்க வேண்டும். ஏற்க மறுத்து நடுவரிடம் முறையிட அவருக்கு உரிமை உண்டு. பலர் இவ்வுரிமையை அறியாமலே இருந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, குற்றத்தை ஒப்புக்கொள்வதால் முடிவது. வேறொரு வழக்கில் சிக்கியவரிடமிருந்து இச்சங்கிலியும் மீட்கப்படுகிறது. ஜாமீன் தர ஆளில்லாத ஏழையாயின் சிறையிலேயே மாதங்கள் கழியும். முதல் வகுப்பு நடுவர் விதிக்கக்கூடிய சிறைத் தண்டனை 3 ஆண்டுக்கு மேற்படாது. அதனினும் கூடுதல் வேண்டுமெனில் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்படும். ஆகவே ஒப்புக்கொண்டால், இருந்த நாளே தண்டனையாகி வெளியே வந்துவிடலாம் என்ற எண்ணம் பிறக்கிறது. உண்மையில் செய்தவரும் ஒப்புக்கொள்கிறார். வழக்கை நடத்த வகையற்றவரும் ஒப்புக்கொள்ளக்கூடும். அன்று அவருக்கு அது விடுதலையாகத் தோன்றும்; அடுத்த வழக்கில் அதுவே முன் தண்டனையாய் எழுந்து நிற்கும். இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் உறுதி செய்யப்பட்டிருந்தும், அதைக் கேட்டுப் பெறாதவர் உண்டு.

மூன்றாவது, விசாரணை நடந்து தீர்ப்பில் முடிவது. இங்கே வழக்கைத் தாங்கும் தூண்கள் இரண்டு. ஒன்று அடையாள அணிவகுப்பு: ஒத்த தோற்றமுள்ள பலருக்கிடையே நிற்பவரை மூதாட்டி இனம் காண வேண்டும். அதற்குமுன் காவல் நிலையத்திலோ படத்திலோ அவரைப் பார்த்துவிட்டிருந்தால் அதன் மதிப்புக் குறையும். மற்றொன்று மீட்பு: பொருள் கண்டெடுக்கப்பட்ட இடத்தில் எழுதிய மகஜரில் கையொப்பமிட்ட சாட்சிகள் நீதிமன்றத்தில் அதை உறுதி செய்ய வேண்டும். திருட்டுப் பொருள் களவு நடந்த சில நாட்களுக்குள் ஒருவர் கையில் இருந்தால், அவரே திருடரென்றோ திருட்டுப் பொருளென அறிந்து வாங்கியவரென்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம். ஆண்டுகள் சென்றபின் அவ்வூகம் வலுவிழக்கும். மகஜர் சாட்சிகள் பிறழ்ந்தால் தூண் சாய்கிறது, வழக்கும் சாய்கிறது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 முதல் வந்துள்ள நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு விதிப்பது இக்குறையைப் போக்கும் நோக்குடையது.

நான்காவது, ராஜி. திருட்டு வழக்கில் பொருளுக்குரியவர் சமாதானமாகப் போகச் சட்டம் இடம் தருகிறது. வழிப்பறிக்கு அந்த இடம் இல்லை. லோக் அதாலத்தும் இதனைத் தீர்க்க இயலாது. சமரசத்தின் பேரில் வழக்கை ரத்து செய்யும் உயர்நீதிமன்றத்தின் தனி அதிகாரத்திற்கும் எல்லை உண்டு. கூட்டுக் கொள்ளை போன்ற கொடுங்குற்றங்களில் அதைப் பயன்படுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் கியான் சிங் வழக்கில் கூறியது. சட்டம் கதவை அடைத்ததால் ராஜி சாளரத்தின் வழியே நுழைகிறது. ஊர்ப் பெரியவர்கள் பேசி, தொகை கைமாறி, சாட்சி கூண்டில் ஏறியதும் ‘இவரை எனக்குத் தெரியாது’ என்கிறார். வழக்கு விடுதலையில் முடிகிறது. நூற்றாண்டுகளுக்குமுன் ஒழிந்ததாக நாம் எண்ணிய துப்புக்கூலி, வேறு ஆடை உடுத்தி வந்து நிற்கிறது. வேறுபாடு ஒன்றே: அன்று அது பொய்ச் சத்தியம் கேட்கவில்லை, இன்று கேட்கிறது.

சங்கிலி என்ன ஆயிற்று?

வழக்கு எவ்வாறு முடியினும் மூதாட்டியின் கேள்வி நிற்கிறது. மீட்கப்பட்ட சங்கிலி நீதிமன்றத்தில் சான்றுப் பொருளாய் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டியதில்லை. 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், நகை முதலியவற்றைப் படமெடுத்து, விவரக் குறிப்பு எழுதி, பிணை பெற்றுக்கொண்டு விரைந்து உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. இன்றைய நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு இதற்கு நாளும் குறித்துவிட்டது. பொருள் முன்வைக்கப்பட்ட 14 நாட்களுக்குள் நீதிமன்றம் விவரக் குறிப்பைத் தயாரித்துப் படமெடுக்கச் செய்ய வேண்டும். அதன்பின் 30 நாட்களுக்குள் ஒப்படைப்புப் பற்றி ஆணையிட வேண்டும்.

ஆனால் அது தன்னுடையது என்று மூதாட்டி காட்ட வேண்டுமே! வாங்கிய ரசீது உண்டா? எடை தெரியுமா? அணிந்த படம் உண்டா? நம் வீடுகளில் நகை உண்டு. அதன் சீட்டு இருப்பதில்லை. மகளுக்குச் செய்த நகைக்கு ரசீதைப் பேணுவதும், எடையையும் அடையாளத்தையும் எழுதி வைப்பதும் செலவில்லாத காவல். சங்கிலி உருக்கப்பட்டு வெறும் தங்கமாய் மீண்டால், அந்த எடைக் குறிப்பொன்றே துணை.

இத்தனை நூற்றாண்டு வரலாற்றையும் திரும்பிப் பார்க்கையில், பொருளை மட்டும் நோக்கிய காவல் முறை நீதியை விட்டுவிட்டது. ஆளை மட்டும் நோக்கிய கைரேகைச் சட்டம் மனிதனையே விட்டுவிட்டது. இரண்டையும் சேர்த்து நோக்கும் விதிகள் இன்று ஏட்டில் உள்ளன. அவற்றுக்கு உயிர் கொடுப்பது சாட்சிக் கூண்டில் ஏறும் சாமானிய மனிதரின் நாவு. பிடிபட்டவர் உண்மையில் அவரல்லர் எனில், ஐயமாயிருக்கிறது என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஓர் ஏழையை அது காக்கும். அவரே எனில், தொகைக்கும் தயவுக்கும் இரங்கிக் கண்டதைக் காணவில்லை என்று சொல்ல வேண்டாம். அடுத்த பாதையில் நடந்துவரும் இன்னொரு மூதாட்டியை அது காக்கும். மன்னிக்கும் மனம் பெரியது. ஆனால் பொய்ச் சத்தியத்தின் மேல் எழுப்பிய மன்னிப்பு மன்னிப்பன்று.

பைசல் என்ற சொல்லின் வேர்ப்பொருள் பிரித்தல். உண்மையையும் பொய்யையும் பிரித்தல். குற்றவாளியையும் குற்றமற்றவரையும் பிரித்தல். அப்பிரிவினை நடக்கும் வழக்கு மட்டுமே பைசலான வழக்கு. மற்றவை முடிந்த வழக்குகள், அவ்வளவே.